கால்பந்தாட்டத்தில் சில நாடுகள் மேம்பட்டது எவ்வாறு?

மக்கள் தொகையும் செல்வமும் மிகுந்த நாடே விளையாட்டிலும் சிறக்கும் என்று எண்ணுவது இயல்பு. கால்பந்தாட்ட வரலாறு அவ்வாறு கூறவில்லை. 1930 முதல் 2022 வரை ஆடவர் உலகக் கோப்பைப் போட்டிகள் 22 நடைபெற்றன. அவற்றில் வாகை சூடிய நாடுகள் எட்டே. பிரேசில் ஐந்து முறை வென்றது. ஏறத்தாழ 35 லட்சம் மக்களே வாழும் உருகுவே இரு முறை வென்றது. நூறு கோடிக்கு மேல் மக்களைக் கொண்ட சீனமும் இந்தியாவும் அப்பட்டியலில் இல்லை.

இதற்குக் காரணங்கள் பல. பயிற்சியும் பொருட்செலவும் வேண்டும். அண்டை நாடுகளோடு நெடுங்காலம் மோதிப் பழகிய அனுபவமும் வேண்டும். தென் அமெரிக்க நாடுகள் 1916ஆம் ஆண்டிலேயே தமக்குள் போட்டியைத் தொடங்கிவிட்டன. ஐரோப்பிய நாடுகளுக்கான கோப்பை 1960இல்தான் தொடங்கியது. ஆயினும் நம்மவர் சிறப்பாகக் கருத வேண்டிய காரணம் வேறொன்று உண்டு. ஒரு நாடு தன் மக்களுள் யார் யாரை ஆடுகளத்தினுள் அனுமதிக்கிறது என்பதே அது.

1916ஆம் ஆண்டுப் போட்டியில் உருகுவே, கிராதின், தெல்காதோ என்னும் கறுப்பின வீரர் இருவரைக் களமிறக்கியது. 4–0 எனத் தோற்ற சிலி நாட்டார், ஆப்பிரிக்கரை ஆடவிட்டனர் என்று முறையிட்டனர். உருகுவே பின்வாங்கவில்லை, கோப்பையையும் வென்றது. பின்னர் 1924, 1928 ஒலிம்பிக் போட்டிகளிலும் 1930இல் முதல் உலகக் கோப்பையிலும் அந்நாடு வென்றபோது, ஆந்திராதே என்ற கறுப்பின வீரர் அதன் தூண்களுள் ஒருவராக விளங்கினார்.

பிரேசில் இப்பாடத்தைத் தாமதமாகவே கற்றது. அங்கு அடிமை முறை ஒழிந்தது 1888இல். சார்லஸ் மில்லர் இங்கிலாந்திலிருந்து பந்துடன் வந்திறங்கியது 1894இல். ரியோ நகரின் பெருங்கழகங்கள் செல்வர்க்கே உரியனவாக இருந்தன. 1923இல் வாஸ்கோ ட காமா என்னும் கழகம், கறுப்பரையும் கலப்பினத்தாரையும் ஏழைத் தொழிலாளரையும் கொண்ட அணியுடன் நகரக் கோப்பையை வென்றது. பொறாத பெருங்கழகங்கள் அடுத்த ஆண்டே தனிச் சங்கம் கண்டன. அதில் சேர வேண்டுமாயின் வீரர் பன்னிருவரை நீக்குக என்றன. கழகத் தலைவர் ஜோசே அகுஸ்தோ பிரெஸ்டெஸ் 1924 ஏப்ரல் 7 அன்று மறுத்துக் கடிதம் எழுதினார். எழுத்தறியாதவர் ஆடலாகாது என்னும் விதியும் தடையாக நின்றது. கழகமோ தன் வீரர்களுக்கு எழுதப் படிக்கக் கற்பிக்க முற்பட்டது. 1925இல் அச்சங்கத்தின் கதவு திறந்தது. 1927இல் ஆதரவாளர் தந்த நன்கொடையால் கழகம் தன் சொந்த மைதானத்தையும் எழுப்பியது.

அதன் பயனை நாடே துய்த்தது. 1938 உலகக் கோப்பையில் கறுப்பின வீரர் லியோனிடாஸ் ஏழு கோல்கள் அடித்து முதலிடம் பெற்றார். 1958இல் டிடி, நூற்பாலையில் வேலை செய்த கரிஞ்சா, பதினேழு வயதுப் பேலே ஆகியோர் ஆடிய அணி முதல் உலகக் கோப்பையைக் கொணர்ந்தது.

எனினும் கதவு திறந்ததால் காழ்ப்பு மறைந்துவிடவில்லை. 1950இல் உருகுவேயிடம் 2–1 எனத் தோற்றபோது, பழி முழுவதும் கோல்கீப்பர் பார்போசா முதலான கறுப்பின வீரர் மீதே சுமத்தப்பட்டது. வெற்றியில் நாட்டின் மகன். தோல்வியில் நிறத்தின் மகன். இந்த நீதி நாம் அறியாதது அன்று.

இளைஞர்களே! திறமை எக்குடியிலும் பிறக்கும். வாயில் மட்டுமே சிலரால் அடைக்கப்படுகிறது. எழுத்தைக் காட்டித் தடுத்தபோது, வாஸ்கோ வீரர்கள் எழுத்தைக் கற்றே உள்ளே நுழைந்தனர். நம் கல்விச் சங்கம் இருபத்தைந்து ஆண்டுகளாகச் செய்து வருவதும் அப்பணியே. மைதானத்தில் ஓடுங்கள், மாலையில் புத்தகத்தையும் விரியுங்கள்.