மேட்டுக்கும் ரோட்டுக்கும் ஒரே வண்டி

ஆபீசுக்கும் போக வேண்டும், அதே வண்டியில் கல்லும் முள்ளுமான மலைத்தடத்திலும் ஏற வேண்டும் என்பவர்களுக்கான மோட்டார் சைக்கிளை இப்போது ‘டூயல் ஸ்போர்ட்’ என்கிறார்கள். விளக்கு, ஹார்ன், நம்பர் பிளேட் எல்லாம் சட்டப்படி இருக்கும். ஆனால் முன் சக்கரம் பெரிது, மட்கார்டு டயரை விட்டு உயர எழும்பி நிற்கும், எஞ்சினின் அடிவயிறு தரையிலிருந்து நன்றாக எட்டியிருக்கும். என் தங்கை மகன் ஹீரோ கம்பெனியின் எக்ஸ்பல்ஸ் 200 வாங்கியிருக்கிறான். மலைக்கிராமங்களில் சோலார் விளக்குகளைப் பழுது பார்க்கும் வேலை அவனுக்கு. வண்டி வந்த முதல் வாரமே, “ஏனுங் மாமா, இதுக்கு ரேலி கிட் போட்டுரலாமுங்களா?” என்று கேட்டான். அதற்கு நான் சொன்ன பதில் நீண்டுபோய், இந்தக் கட்டுரையாகிவிட்டது.

இந்த வகை வண்டியைக் கம்பெனிகள் கண்டுபிடித்ததாக ஒரு நினைப்பு இருக்கிறது. என் கணக்கில், கண்டுபிடித்தவர்கள் ஸ்பேனர் பிடித்தவர்கள்தாம். 1950-களில் அமெரிக்காவின் கலிபோர்னியாப் பாலைவனத்தில் ஓட்ட ஆசைப்பட்டவர்கள், இங்கிலாந்திலிருந்து வந்த டிரயம்ப், பி.எஸ்.ஏ. சாலை வண்டிகளை வாங்கி, வேண்டாத கனத்தையெல்லாம் கழற்றிப் போட்டு, சைலன்சரை மேலே தூக்கிக் கட்டி, அகலமான ஹேண்டில்பார் வைத்து மணலில் இறக்கினார்கள். 1962-ல் ஹோண்டாவின் 250 சிசி ஸ்கிராம்ப்ளரில் டேவ் எக்கின்ஸ் என்பவரும் பில் ராபர்ட்சனும் மெக்சிகோவின் டிஹுவானாவிலிருந்து லா பாஸ் வரை, பெரும்பாலும் ரோடே இல்லாத பாஹா தீபகற்பத்தைக் கடந்தார்கள். எக்கின்ஸுக்கு ஆனது 40 மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. புறப்பட்ட நேரத்துக்கும் சேர்ந்த நேரத்துக்கும் அத்தாட்சி என்ன தெரியுமா? தந்தி ஆபீஸ் முத்திரை! நம் வயதுக்காரர்களுக்கு அதன் மதிப்பு தெரியும். அந்தத் தடத்தில்தான் பிறகு 1967-ல் பாஹா பந்தயமே தொடங்கியது.

யமஹா இதையெல்லாம் கவனித்து 1968-ல் டிடி-1 என்ற 250 சிசி டூ ஸ்ட்ரோக் வண்டியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. கழற்றி மாட்டும் தொல்லை இல்லாமல், ரோட்டுக்கும் காட்டுக்கும் ஆலையிலேயே ஒன்றாகச் செய்த வண்டி. விலையும் எட்டும் விலை. ஆனால் கூடவே, பந்தயத்துக்கு மாற்றிக்கொள்ள ஜி.ஒய்.டி. கிட் என்று ஒரு தொகுப்பையும் கம்பெனியே விற்றது. அதாவது, வாங்கியவன் சும்மா இருக்கமாட்டான் என்று அவர்களுக்கு முதல் நாளே தெரிந்திருக்கிறது.

நம் பக்கம் என்ன நடந்தது? அந்தியூரிலிருந்து பர்கூர் மலைக்குக் கால்நடை ஆய்வாளராக நான் போய்வந்த காலத்தில் இது பெரியார் மாவட்டம். தாமரைக்கரை வரை ரோடு. அதற்கப்பால் ஈரெட்டி, தேவர்மலைப் பக்கம் போனால் மாட்டுத்தடம்தான். எனக்கு வாய்த்தது எஸ்கார்ட்ஸ் கம்பெனியின் ராஜ்தூத் 175. போலந்து நாட்டு வண்டியின் வழியில் வந்தது, மூன்றே கியர், பெட்ரோலில் ஆயில் கலந்து ஊற்ற வேண்டும். ‘டூயல் ஸ்போர்ட்’ என்ற சொல்லே யாருக்கும் தெரியாது. ஆனால் அந்தியூர்ப் பட்டறையில் செய்துகொண்ட மாற்றங்களை இன்று எழுதிப் பார்த்தால், அதே பட்டியல்தான் வருகிறது.

பின் பல்சக்கரத்தில் பல் கூட்டினோம். எஞ்சினுக்கு அடியில், பழைய டிரம் தகட்டை வெட்டி ஒரு தட்டு மாட்டினோம். மழைக்காலத்தில் முன் மட்கார்டையே கழற்றி வைத்துவிடுவோம். டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவில் சேறு அடைத்துக்கொண்டால் சக்கரம் சுற்றாது; குச்சியால் நோண்டி எடுத்தே பொழுது போய்விடும். கழற்றினால் சேறு முகத்தில் அடிக்கும். அதற்குத் துண்டு இருக்கிறது. டிடி-1 போன்ற வண்டிகளில் மட்கார்டு ஏன் அவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று பின்னாளில் ஒரு படத்தைப் பார்த்தபோது எனக்கு யாரும் விளக்கவேண்டியிருக்கவில்லை.

எல்லாவற்றையும்விட முக்கியம் பின்னால் இருந்த கேரியர். கோமாரி, தொண்டை அடைப்பான் தடுப்பூசிகள் ஐஸ் பெட்டியில் போக வேண்டும். சூடு ஏறிவிட்டால் மருந்து வெறும் தண்ணீர். பர்கூர் மாடு, அந்தச் செம்மையும் வெள்ளைத் திட்டுமான மலைமாடு, பட்டி பட்டியாகக் காட்டில் கிடக்கும். ஒரு பட்டியில் நோய் விழுந்தால் அந்தக் குடும்பத்தின் பத்து வருட உழைப்பு போனதாக அர்த்தம். அதனால் பட்டறைக்காரர் பட்டையை வளைத்துப் பற்றவைத்து, அடியில் சைக்கிள் ட்யூபை இழுத்துக் கட்டி, பெட்டி குலுங்காமல் உட்கார ஒரு தொட்டில் செய்து கொடுத்தார். வேகத்துக்காகவோ அழகுக்காகவோ நாங்கள் ஒரு போல்ட்டைக்கூடத் தொட்டதில்லை.

இந்தியாவில் கம்பெனிகள் இந்தப் பக்கம் திரும்ப வெகுகாலம் ஆனது. 2011-ல் ஹீரோ, இம்பல்ஸ் என்று 150 சிசி வண்டி ஒன்றைக் கொண்டுவந்தது. உடம்பு நன்றாக இருந்தது. மூச்சுப் போதவில்லை என்றார்கள். சில வருடங்களில் நின்றுபோனது. 2015-ல் பெங்களூருக்காரர் சி.எஸ். சந்தோஷ் டக்கார் ரேலியை ஓட்டி முடித்த முதல் இந்தியரானார். அடுத்த வருடம் ஹீரோ தனக்கென ரேலி அணியே அமைத்தது. அதே 2016-ல் நம் சென்னை ராயல் என்ஃபீல்டிலிருந்து 411 சிசி ஹிமாலயன் வந்தது. நல்ல வண்டிதான், ஆனால் கனம். மலைத்தடத்தில் சாய்ந்தால் தூக்க இன்னொரு ஆள் வேண்டும். 2019 மே மாதம் எக்ஸ்பல்ஸ் 200 வந்தபோது தொடக்க விலை 97,000 ரூபாய். 21 அங்குல முன் சக்கரம், 18 அங்குலப் பின் சக்கரம், 220 மில்லிமீட்டர் தரை இடைவெளி. முன் சக்கரம் ஏன் அவ்வளவு பெரிது என்று கேட்பவர்கள் நம் கட்டைவண்டியின் சக்கரத்தை நினைத்துக்கொண்டால் போதும். சின்னச் சக்கரம் விழும் குழியைப் பெரிய சக்கரம் தாண்டும்.

2020-ல் ரேலி கிட் வந்தது, 38,000 ரூபாய்க்கு. நீளமான ஷாக் அப்சார்பர்கள், முள் டயர், தட்டை இருக்கை, ஹேண்டிலை உயர்த்தும் கட்டைகள். 2022-ல் ஏறக்குறைய அதே சாமான்களோடு, ரேலி எடிஷன் என்ற பெயரில் வண்டியை ஆலையிலிருந்தே கொடுத்தார்கள். பட்டறையில் பிறந்தது கிட்டாகி, கிட் மாடலாகி வருவது டிடி-1 காலத்துக் கதைதான்.

இதற்கு நடுவில் ஒரு சங்கதி. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவைச் சுட்டி, கம்பெனி குறித்த அமைப்புக்கு மாறாக வண்டியின் அடிப்படையை மாற்றிப் பதிவு செய்ய முடியாது என்று தீர்ப்புச் சொன்னது. கேரளத்திலிருந்து போன வழக்கு அது. சத்தம் போடும் சைலன்சர்காரர்களை நினைத்தால் எனக்கு அந்தத் தீர்ப்பில் வருத்தமில்லை. ஆனால் வேலைக்காக வண்டியைத் திருத்துகிறவன், எது சின்னப் பொருத்தம், எது அடிப்படை மாற்றம் என்று யோசித்துத்தான் ஸ்பேனரை எடுக்க வேண்டும். கேரியர், கைக்காப்பு, டயர் என்பவை ஒரு ரகம். வண்டியின் உயரத்தையே மாற்றுவது வேறு ரகம்.

மருமகனிடம் நான் உயரத்தைத்தான் முதலில் பேசினேன். அவன் ஐந்தடி நாலங்குலம். அவன் வண்டியின் இருக்கை 825 மில்லிமீட்டர். ரேலி எடிஷனில் 885. அறுபது மில்லிமீட்டர் என்பது இரண்டேகால் அங்குலத்துக்கு மேல். தார் ரோட்டில் அது ஒன்றுமில்லை. மலைச்சரிவில், முதுகில் பேட்டரி மூட்டையோடு, நின்ற இடத்தில் கால் எட்டாவிட்டால் வண்டி பள்ளத்தின் பக்கம்தான் சாயும். பந்தயக்காரனுக்குப் பின்னால் டாக்டர் வண்டி வரும். இவனுக்குப் பின்னால் யார் வருவார்கள்?

ஆகவே செலவில்லாதவற்றை முதலில் செய்தோம். ஹேண்டிலைச் சற்று முன்னுக்குச் சுழற்றி, நின்றுகொண்டு ஓட்டும்போது மணிக்கட்டு மடங்காதபடி கிளட்ச், பிரேக் லீவர்களைத் தாழ்த்தினோம். லீவரின் கிளாம்ப் போல்ட்டை இறுக்கி முறுக்கக் கூடாது. விழுந்தால் லீவர் சுழன்று கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் ஒடியும். ஐந்நூறு கிலோமீட்டரில் ஆயில் மாற்றியதோடு, சக்கரக் கம்பிகளை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தோம். புதுச் சக்கரத்தில் கம்பி தளர்வது சகஜம். தளர்ந்த கம்பி மந்தமாகச் சத்தம் கொடுக்கும். செயினைப் பார்க்கும்போது அவனை வண்டியில் உட்கார வைத்துத்தான் தொய்வைச் சரிசெய்தேன். குழியில் பின் சக்கரம் மேலே போகும்போது செயின் இழுத்துப் பிடிக்கும், அதற்கு இடம் விட்டிருக்க வேண்டும்.

ஏற்றத்தில் இழுவை போதவில்லை என்றான். முன்னால் ஒரு பல் குறைப்பது ஏறக்குறைய பின்னால் மூன்று பல் கூட்டுவதற்குச் சமம்; செலவோ கால்வாசிகூட இல்லை. வேகம் கொஞ்சம் குறையும், குறையட்டும். டயரில் ட்யூப் இருப்பதால் தடத்தில் காற்றைக் குறைப்பதற்கும் ஓர் எல்லை உண்டு. மிகவும் இறக்கினால் கல்லில் மோதி ட்யூப் நசுங்கிக் கிழியும். ஓர் உபாயம் சொன்னேன்: 21 அங்குல ட்யூப் ஒன்றைக் கையோடு வைத்துக்கொண்டால் ஆபத்துக்கு 18 அங்குலப் பின் சக்கரத்திலும் திணித்து ஊர் வந்து சேரலாம். அந்தியூரில் எல்லாக் கடையிலும் 21 அங்குலம் கிடைக்காது என்பதால் ஈரோட்டிலிருந்து இரண்டாக வாங்கி வந்தோம்.

கேரியரை மட்டும் பட்டறையில் செய்தோம். பேட்டரி உட்காரும் இடத்தில் அடியில் ட்யூப் இழுத்துக் கட்டச் சொன்னபோது, பற்றவைத்த பையன், “யூட்யூப்ல பாத்தீங்களாய்யா?” என்று கேட்டான். ரேலி கிட் பேச்சு நின்றுவிட்டது. இப்போது, இருக்கை ஸ்பாஞ்சை அரை அங்குலம் செதுக்கினால் கால் நன்றாக ஊன்றுமா என்று கேட்டிருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை குஷன் கடைக்குப் போகிறோம்.