ராமானுஜனின் 464-வது கேள்வி

ராயபுரத்திலிருந்து பாரிமுனை போகும்போது துறைமுகத்தைப் பார்த்தாலே எனக்கு ராமானுஜன் ஞாபகம்தான். 1912-ல் மாதம் 30 ரூபாய் சம்பளத்தில் அங்கே குமாஸ்தாவாகச் சேர்ந்தவர். மறுவருடம் இந்தியக் கணிதக் கழக இதழில் ஒரு கேள்வி போட்டார்.

2-ன் அடுக்கிலிருந்து 7-ஐக் கழித்தால், அடுக்கு 3, 4, 5, 7, 15 ஆகும்போது வர்க்க எண் வருகிறது. (கடைசியைப் போட்டுப் பாருங்கள்: 32768 - 7 = 32761, அதாவது 181-ன் வர்க்கம்!) மற்ற அடுக்குகளைக் கண்டுபிடியுங்கள் என்றார். எவ்வளவு தேடினாலும் ஒன்றும் சிக்காது. அதை வைத்து 'இனி இல்லை' என்று சொல்லிவிட முடியுமா? வேறு இல்லவே இல்லை என்று 1948-ல்தான் நாகெல் நிரூபித்தார்.

சரி, எந்தச் சமன்பாட்டைக் கொடுத்தாலும் முழு எண் விடை உண்டா இல்லையா என்று சொல்லிவிடும் ஒரே புரோகிராம் எழுதலாமா? விடை இருந்தால் தேடல் என்றாவது நிற்கும். இல்லாவிட்டால் ஓடிக்கொண்டே இருக்கும், நமக்கும் தெரியாது. இப்படி அடுக்கே மாறியாக வரும் சமன்பாடுகளுக்கு அப்படியொரு புரோகிராம் சாத்தியமே இல்லை என்று 1961-ல் டேவிஸ், புட்னம், ஜூலியா ராபின்சன் காட்டினார்கள். சாதாரண பல்லுறுப்புச் சமன்பாடுகளுக்கும் அதே கதிதான் என்று 1970-ல் முடித்து வைத்தவர் மத்தியாசேவிச். அப்போது அவருக்கு வயது 22!