உறைகடலின் கதை – 9: நகர மறுத்த கப்பல்

ஃப்ராம் கப்பல் காரா கடலுக்குள் நுழைந்ததோடு சென்ற வாரம் நிறுத்தியிருந்தோம். சைபீரியக் கரையோரமாகவே கிழக்கே போய், பனிக்கட்டியில் வேண்டுமென்றே சிக்கிக்கொண்டு, அந்தப் பனியோடு மிதந்தபடியே ஆர்க்டிக் பெருங்கடலைக் கடந்துவிடலாம் என்பது அதில் பயணித்த நார்வே ஆய்வாளர் ஃபிரிட்யோஃப் நான்செனின் திட்டம். 1881இல் நியூ சைபீரியத் தீவுகளுக்கு வடக்கே ‘ஜீனெட்’ கப்பல் நொறுங்கி மூழ்கியது. மூன்று ஆண்டுகள் கழித்து அதன் பொருள்கள் கிரீன்லாந்தின் தென்மேற்குக் கரையில் ஒதுங்கின. நான்செனின் நம்பிக்கைக்கு வேர் அதுதான்.

1893 ஆகஸ்ட் மாதக் கடைசியில், தைமிர் கரையை ஒட்டிய நோர்டென்ஷோல்ட் தீவுக்கூட்டத்தின் அருகே, கப்பல் திடீரென்று தளர்ந்தது. நீராவி இயந்திரம் முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது. அடியில் தரை தட்டவில்லை. ஆனாலும் வேகம் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்காகக் குறைந்துவிட்டது. சிறு படகில் துடுப்புப் போட்டால் அரைமணி நேரத்தில் முடிகிற தூரத்துக்கு நான்கு மணி நேரத்துக்கும் மேல் ஆனது. கப்பலை வளைத்துப் பார்த்தார்கள், முழு வட்டமாகவே திருப்பிப் பார்த்தார்கள். இயந்திரத்தை நிறுத்தினால் யாரோ பின்னாலிருந்து பிடித்து இழுப்பதுபோல் கப்பல் நின்றுபோனது.

கப்பலில் இருந்த நார்வேக்காரர்களுக்கு இது புதிதல்ல. அவர்கள் ஊர்ப்பக்கத்து ஃப்யோர்டுகள் என்னும் குறுகிய கடற்கழிகளிலும் ஆற்று முகங்களிலும் தலைமுறை தலைமுறையாக மாலுமிகள் பட்ட அவதி இது. ‘செத்த நீர்’ என்று அதற்குப் பெயரும் வைத்திருந்தார்கள். மருந்துகளும் இருந்தன: கப்பலுக்கு முன்னால் எண்ணெய் ஊற்றுவது, துடுப்பால் தண்ணீரை அடிப்பது, ஆட்கள் எல்லாரும் மேல்தளத்தில் முன்னும் பின்னுமாக ஓடுவது, கடலை நோக்கித் துப்பாக்கியால் சுடுவது. படித்தவர்கள் இதையெல்லாம் மாலுமிக் கதை என்று தள்ளிவைத்திருந்தார்கள்.

நான்சென் தள்ளவில்லை. வட துருவத்துக்கு அதுவரை எவரும் போகாத அளவு நெருங்கிப் போனதற்காகத்தான் உலகம் அவரைக் கொண்டாடுகிறது. என் பார்வையில், அந்த ஆகஸ்ட் நாளில் அவர் தண்ணீரைச் சோதித்துப் பார்த்தாரே, அதுதான் பெரிது. கடலின் மேல்மட்டத்திலிருந்து மொண்ட நீர் குடிக்கும் அளவுக்கு நல்ல தண்ணீராக இருந்தது. கப்பலின் அடிவயிற்றில், இயந்திர அறைக் குழாய் வழியே உள்ளே வந்த நீரோ கொதிகலனில் ஊற்ற முடியாத உப்பு. ஒரே கப்பல், ஒரே இடம். நடுவில் சில மீட்டர்தான். பாலின் மேல் ஆடை படிவதுபோல், உப்புக் கடலின் மேல் மெல்லிய நன்னீர்ப் படலம் ஒன்று விரிந்து கிடந்தது.

எங்கிருந்து வந்தது அந்த நன்னீர்? உலகப் பெருங்கடல்களின் மொத்தக் கொள்ளளவில் ஆர்க்டிக்கின் பங்கு ஏறக்குறைய 1 சதவீதம்தான். ஆனால் உலக ஆறுகள் கடலில் கொட்டும் நீரில் சுமார் 10 சதவீதம் அங்கே போய்ச் சேர்கிறது. ஓப், யெனிசெய், லேனா என்று சைபீரியாவின் பேராறுகள் எல்லாம் வடக்கு நோக்கியே ஓடுகின்றன. கோடையில் உருகும் பனிக்கட்டியும் அதோடு கலக்கிறது. உறைநிலையை ஒட்டிய குளிரில் வெப்பம் ஓரிரு டிகிரி ஏறினாலும் இறங்கினாலும் நீரின் அடர்த்தி அதிகம் மாறுவதில்லை. அங்கே எந்த நீர் மேலே மிதக்க வேண்டும், எது கீழே போக வேண்டும் என்று தீர்மானிப்பது உப்புதான். இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் பனிக்கடலின் பாதிக் கதை பிடிபட்டுவிடும்.

1896இல் ஊர் திரும்பிய நான்சென் இந்தப் புதிரை மறக்கவில்லை. 1898இல் வில்ஹெல்ம் பியர்க்னெஸ் என்ற இயற்பியலாளரிடம் அதைக் கொண்டுபோனார். கப்பலின் ஆற்றல் கண்ணுக்குத் தெரியாத அலைகளை எழுப்புவதில் வீணாகிறது என்று பியர்க்னெஸ் ஊகித்தார். கடலின் மேற்பரப்பில் எழும் அலைகள் அல்ல அவை. நன்னீரும் உப்புநீரும் சந்திக்கும் எல்லையில், நீருக்குள்ளேயே எழுபவை. அதைச் சரிபார்க்கும் வேலை அவருடைய மாணவரான ஸ்வீடன் நாட்டு இளைஞர் வால்ஃப்ரிட் எக்மனுக்கு வந்தது. தொட்டி ஒன்றில் உப்புநீரை நிரப்பி, மேலே நன்னீரை மெல்லப் பரப்பி, அடுக்குகள் தெரிவதற்காக நிறமூட்டி, ஃப்ராமின் சிறிய மாதிரிக் கப்பலை அதில் இழுத்துவிட்டார். மேலே நீர் அசையாமல் கிடக்க, கீழே எல்லைக்கோட்டில் பெரிய அலைகள் புரண்டன. கப்பல் தன் அடிவயிற்றால் அலைகளை எழுப்பி, தானே எழுப்பிய அலைகளைத் தானே இழுத்துக்கொண்டு போனது. அந்த அலைகளின் வேகத்தைத் தாண்டிப் போகிற கப்பல் தப்பிவிடும். தாண்ட முடியாதது மாட்டிக்கொள்ளும். 1904இல் எக்மன் வெளியிட்ட ஆய்வில் மாலுமிகளின் வாய்மொழிகளும் தொகுக்கப்பட்டிருந்தன. அவர்கள் இத்தனை காலமும் சொல்லிவந்தது உண்மை என்று ஆய்வகத்தில் நிரூபணமானது.

இதற்கிடையில் ஃப்ராம் என்ன ஆயிற்று என்று பார்த்துவிடுவோம். 1893 செப்டம்பரில் பனி அதைக் கவ்வியது. பதின்மூன்று பேரோடு சிக்கிய கப்பல் ஏறக்குறைய மூன்று ஆண்டுகள் பனியின் போக்கிலேயே போனது. நாள்தோறும் இருப்பிடத்தைக் குறித்துவந்த நான்செனுக்கு ஒன்று உறுத்தியது. காற்று எந்தப் பக்கம் வீசுகிறதோ அந்தப் பக்கமாகப் பனி போகவில்லை. 20 முதல் 40 பாகை வரை வலப்புறமாக விலகியே போனது. பூமி சுழல்வதுதான் காரணம் என்று அவர் கணித்தார். இதற்கும் கணக்குப் போட்டுக் கொடுத்தவர் எக்மன்தான். கேள்வியைக் கேட்ட அன்று மாலையே விடையோடு வந்து நின்றார் என்று சொல்வார்கள். காற்று தள்ளும் மேல்நீர் வலப்புறம் விலகும்; அது தனக்குக் கீழுள்ள அடுக்கை இழுக்க, அது இன்னும் கொஞ்சம் விலகும்; இப்படி ஆழம் போகப் போகத் திருகிக்கொண்டே போகும். எல்லா அடுக்குகளையும் கூட்டிப் பார்த்தால், வட அரைக்கோளத்தில் நீர் மொத்தமாக நகர்வது காற்றுக்குச் செங்குத்தாக வலப்புறம். இன்று உலகின் எந்தக் கடற்கரையைப் பற்றிப் படிக்கிற மாணவரும் இந்த எக்மன் சுருளில்தான் தொடங்குகிறார்.

மூன்றாவது வியப்பு ஆழத்தில் இருந்தது. ஆர்க்டிக் ஆழமில்லாத கடல் என்று எண்ணியே நான்சென் கிளம்பியிருந்தார். கொண்டுபோன கயிறு தரையைத் தொடவில்லை. கப்பலிலிருந்த எஃகு வடம் ஒன்றைப் பிரித்து, கொல்லும் குளிரில் இழைகளை முறுக்கி நீண்ட கம்பியாக்கி இறக்கினார்கள். 3000 மீட்டருக்கும் கீழே போனது. வழியெல்லாம் நீரின் வெப்பத்தை அளந்தார்கள். பனிக்கு நேர் கீழே உறைநிலையில் இருந்த நீர், சுமார் 200 மீட்டருக்குக் கீழே பூஜ்ஜியத்துக்கு மேல் ஏறியது! அட்லாண்டிக்கிலிருந்து வந்து நுழைந்த வெதுவெதுப்பான, உப்பு மிகுந்த நீர் அது. மிதக்கும் பனி அனைத்தையும் உருக்கப் போதுமான வெப்பம் அதில் இருக்கிறது. ஆனால் உப்பின் கனத்தால் அது மேலே வர முடிவதில்லை.

குளிர்ந்த மேல்நீருக்கும் கீழேயுள்ள வெப்பநீருக்கும் நடுவே, குளிராகவும் அதே சமயம் உப்பாகவும் ஓர் அடுக்கு இருக்கிறது. வெப்பம் பனியை எட்டாமல் காக்கும் தடுப்பு அதுவே. மேல்நீரும் வெப்பநீரும் கலந்து உண்டாகியிருந்தால் அது இவ்வளவு குளிராக இருக்க நியாயமில்லை. இந்தப் புதிருக்கு 1981இல் ஓகார்ட், கோச்மன், கார்மாக் மூவரும் சொன்ன விடை நம்மை மறுபடி சைபீரியக் கரைக்கே கூட்டிப்போகிறது. அங்கே கடல் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தூரத்துக்கு ஆழமற்றது. குளிர்காலத்தில் காற்று பனியைக் கரையிலிருந்து தள்ளித் தள்ளித் திறந்த நீரை உண்டாக்கும். திறந்த நீர் உடனே உறையும். காற்று அதையும் தள்ளும். கடல்நீர் உறையும்போது உப்பின் பெரும்பகுதியை வெளியேற்றிவிடுகிறது. அந்த உப்புநீர் கனத்து இறங்கி, ஆழமற்ற தரையில் பரவி, விளிம்பைத் தாண்டி வழிந்து, நடு ஆழத்தில் தன் அடர்த்திக்குப் பொருத்தமான இடத்தில் போய்த் தங்குகிறது. துருவத்தின் பனிக்கூரையைக் காக்கும் குளிர்நீரை உற்பத்தி செய்வது அந்தக் கரையோரம்தான் என்பதை எண்ணும்போதெல்லாம் எனக்கு வியப்பு தீர்வதில்லை.

இந்த ஏற்பாடு எவ்வளவு எளிதில் குலையக்கூடியது என்பதை நார்வேயின் ஸ்வால்பார்ட் தீவுக்கூட்டத்தின் மேற்குக் கரை காட்டியது. அங்கே அட்லாண்டிக் வெப்பநீர் கண்டத்திட்டின் விளிம்பை ஒட்டி வடக்கே ஓடுகிறது. 2005-06 குளிர்காலத்தில் வடக்கிலிருந்து காற்று நாட்கணக்கில் கரையோரமாக வீசியது. எக்மன் கணக்குப்படியே மேல்நீர் வலப்புறம், அதாவது மேற்கே, கரையை விட்டு நகர்ந்தது. அந்த இடத்தை நிரப்ப ஆழத்திலிருந்த வெப்பநீர் ஏறிவந்து கரையோரக் கடலை மூழ்கடித்து, அங்குள்ள காங்ஸ்ஃப்யோர்டுக்குள்ளும் புகுந்தது. நடுக்குளிர்காலத்திலும் அந்த ஃப்யோர்டு வழக்கம்போல் உறையவில்லை.

அந்த ஃப்யோர்டின் கரையிலுள்ள நியூ ஓலெசுன்டில் 2008 முதல் இந்தியாவின் ஹிமாத்ரி ஆய்வு நிலையம் இயங்குகிறது. 2014 ஜூலையில் அதே ஃப்யோர்டில் 192 மீட்டர் ஆழத்தில் ‘இண்ட்ஆர்க்’ என்ற நங்கூரமிட்ட கருவித்தொடரை இந்திய விஞ்ஞானிகள் நிறுவினார்கள். அதை உருவாக்கியதில் சென்னை பள்ளிக்கரணையிலுள்ள தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனத்துக்கும் பங்கு உண்டு. பனி மூடிய மாதங்களிலும் அது நீருக்குள் இருந்தபடி, வெவ்வேறு ஆழங்களில் வெப்பத்தையும் உப்பையும் குறித்தது. கோடையில் மட்டும் படகில் போய் அளந்துவரும் கணக்கில் விட்டுப்போகிற குளிர்கால மாதங்கள்தானே இங்கே எல்லாவற்றையும் தீர்மானிப்பவை!

உறையும் கரையிலிருந்து வழியும் உப்புநீர் வடக்கே நடு ஆழத்தில் நின்றுவிடுகிறது. தெற்கே அண்டார்க்டிகாவிலோ அது பெருங்கடலின் அடித்தரை வரை போகிறது. 1912இல் வெட்டல் கடலில் சிக்கிய ‘டாய்ச்லாந்து’ என்ற ஜெர்மன் கப்பலில் அதைத் தேடி அளந்த வில்ஹெல்ம் பிரென்னெக்கேயை அடுத்த வாரம் சந்திப்போம்.

(தொடரும்)