பூனைக் காதில் ஒரு சொட்டு ரத்தம்: வீட்டிலேயே சுகர் பார்க்கும் வசதி நம்ம கைக்கு வந்த கதை

இந்த எபிசோட் கொஞ்சம் பர்சனலா ஆரம்பிக்குது. ஆனா ரெண்டு நிமிஷத்துல ஹிஸ்டரிக்குள்ள போயிடுவோம், பயப்படாதீங்க.

போன வருஷம் எங்க வீட்டுப் பூனை பட்டாணிக்கு சுகர் வந்துச்சு. ஆமா, பூனைக்குத்தான். 11 வயசு, நல்ல குண்டுப் பையன். திடீர்னு கிண்ணம் கிண்ணமா தண்ணி குடிக்க ஆரம்பிச்சான். நல்லா சாப்பிடுறான், ஆனா இளைச்சுக்கிட்டே போறான். டாக்டர் ரத்தம் எடுத்துப் பார்த்துட்டு, காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணுன்னு இன்சுலின் எழுதிக் கொடுத்தார்.

மூணு வாரம் கழிச்சு செக்கப். மீட்டர்ல 380. டோஸை ஏத்தணும் போல இருக்கேன்னு நான் நினைச்சேன். டாக்டர் மட்டும் ஒரு நிமிஷம் நிறுத்தி, "இங்க வர்ற பயத்துலயே பூனைக்கு சுகர் ஏறிடும் தம்பி. வீட்டுல ஒரு தடவை பார்த்துட்டு சொல்லுங்க, அப்புறம் முடிவு பண்ணலாம்"னார். காது ஓரத்துல எங்க குத்தணும்னு காட்டிக் கொடுத்தார்.

மறுநாள் அம்மா மடியில துண்டைப் போட்டு அவனைப் பிடிச்சுக்கிட்டாங்க. எனக்குக் கை நடுங்குது. மூணு தடவை குத்தியும் ரத்தம் வரல. நாலாவது தடவை கடுகு அளவு ஒரு சொட்டு. மீட்டர் அஞ்சு செகண்ட் யோசிச்சுட்டு 94னு காட்டுச்சு.

380, 94. ஒரே பூனை, ஒரே ஊசி, ஒரே டோஸ். அந்த 380-ஐ நம்பி டோஸை ஏத்தியிருந்தா, ஏதோ ஒரு ராத்திரி அவனுக்கு சுகர் அதலபாதாளத்துக்குப் போயிருக்கும். காலையில நாங்க எழுந்து பார்க்கும்போது என்ன ஆகியிருக்கும்னு சொல்ல வேண்டியதில்ல.

அன்னைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரல. இந்த நம்பரை வீட்டுல உட்கார்ந்து நாமளே பார்க்கலாம்ங்கிற நிலைமை எப்போ வந்துச்சு? யார் கொண்டு வந்தாங்க? இன்னைக்கு அந்தக் கதைதான்.

முதல் மீட்டர் நாக்கு

சர்க்கரை நோயாளியோட சிறுநீர் இனிக்கும்னு நம்ம ஊர் பழைய வைத்தியர்களுக்கே தெரியும். எறும்பு மொய்க்கிறதை வெச்சுக் கண்டுபிடிச்சாங்க. மதுமேகம்னு பேர் வெச்சதே அதனாலதான். ஐரோப்பாவுல தாமஸ் வில்லிஸ்ங்கிற ஆங்கிலேய டாக்டர் 1670-கள்ல அதே இனிப்பைப் பத்தி எழுதினார். அந்தக் காலத்துல டாக்டர்கள் நிஜமாவே ருசி பார்த்தாங்க. 1776-ல லிவர்பூல் டாக்டர் மேத்யூ டாப்சன் அந்தச் சிறுநீரைக் காய்ச்சி வத்த வெச்சுப் பார்த்தார். மிஞ்சினது சர்க்கரை. நோயாளியோட ரத்தத்துலயும் இனிப்பு இருக்குன்னு அவர் கவனிச்சார்.

அப்புறம் நாய்களோட பங்கு. 1889-ல ஸ்ட்ராஸ்பர்க் நகரத்துல மின்கோவ்ஸ்கியும் மெரிங்கும் ஒரு நாயோட கணையத்தை எடுத்தாங்க. அதுக்குச் சர்க்கரை நோய் வந்துச்சு. 1921-ல டொரண்டோவுல பான்டிங்கும் பெஸ்ட்டும் இன்சுலினைப் பிரிச்செடுத்ததும் நாய்களை வெச்சுத்தான். விலங்குகள் உயிரைக் கொடுத்து மனுஷனுக்கு வந்த மருந்து இது. இதை ஞாபகம் வெச்சுக்கோங்க.

லேட்டா வர்ற லாக் ஃபைல்

இன்சுலின் வந்தாச்சு. ஆனா எவ்வளவு போடணும்? அதுக்கு அளக்கணுமே.

பிளஸ் டூ லேப்ல பெனடிக்ட் டெஸ்ட் பண்ணியிருப்பீங்க. நீலக் கரைசல், சூடு பண்ணா பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, கடைசியில செங்கல் சிவப்பு. ஸ்டான்லி பெனடிக்ட் அதை 1908-ல கொண்டு வந்தார். பல பத்தாண்டுகளுக்கு அதுதான் நோயாளிகளோட வீட்டு டெஸ்ட். டெஸ்ட் டியூப்ல நீலத் தண்ணி, அதுல சில சொட்டு சிறுநீர், கீழே அடுப்போ ஸ்பிரிட் விளக்கோ. 1941-ல அமெரிக்காவுல கிளினிடெஸ்ட் மாத்திரை வந்துச்சு. டியூப்ல போட்டா தானே பொங்கித் தானே சூடாகும், அடுப்பு வேண்டாம். 1956-ல ஹெலன் ஃப்ரீ, ஆல்ஃபிரெட் ஃப்ரீ தம்பதி உருவாக்கின கிளினிஸ்டிக்ஸ் வந்துச்சு. ஒரு பட்டையை நனைச்சா போதும்.

எல்லாமே புத்திசாலித்தனமான கண்டுபிடிப்புதான். ஆனா அடிப்படையிலேயே ஒரு பக் இருந்துச்சு. இது எல்லாம் அளந்தது சிறுநீரை.

ரத்தத்துல சர்க்கரை சுமார் 180-ஐத் தாண்டினாதான் சிறுநீரகம் அதை வெளியே விடும். பூனைக்கு இந்த எல்லை இன்னும் மேல, 250 தாண்டணும். அது சிறுநீர்ப் பையில சேர்ந்து வெளியே வர்றதுக்குச் சில மணி நேரம். அதாவது நம்ம கையில இருக்கறது லைவ் டாஷ்போர்டு இல்ல. எரர் மட்டும் பதிவாகிற, பழைய லாக் ஃபைல். இன்னும் மோசமான விஷயம்: 150 இருந்தாலும் டியூப் நீலம்தான், 40-க்கு இறங்கி உயிர் ஊசலாடினாலும் நீலம்தான். நீலம்னா நல்லதுன்னு குடும்பமே நிம்மதியா இருக்கும். அது எவ்வளவு பெரிய பொய்யா இருக்கலாம்னு அந்த டெஸ்ட்டுக்குச் சொல்லத் தெரியாது.

ஒரு கிலோ எடையில ஒரு மீட்டர்

1960-கள் நடுவுல டெக்ஸ்ட்ராஸ்டிக்ஸ் வந்துச்சு, ரத்தத்துக்கான பட்டை. பெரிய சொட்டா ரத்தம் வைக்கணும், சரியா ஒரு நிமிஷம் காத்திருக்கணும், தண்ணியில கழுவணும், நிறத்தைச் சார்ட்டோட ஒப்பிடணும். ரெண்டு பேர் பார்த்தா ரெண்டு நம்பர் சொல்வாங்க. அந்த நிறத்தைக் கண்ணுக்குப் பதிலா ஒரு மெஷின் படிக்கட்டுமேன்னு ஆன்டன் கிளெமென்ஸ்ங்கிற பொறியாளர் வடிவமைச்சதுதான் ஏம்ஸ் ரிஃப்ளெக்டன்ஸ் மீட்டர். ஒரு கிலோவுக்கு மேல எடை, முள் நகர்ற டயல்.

இது நோயாளிகளுக்காகச் செஞ்சது இல்ல. டாக்டர்களுக்கும் ஆஸ்பத்திரிகளுக்கும்தான். ராத்திரி நேரத்துல எமர்ஜென்சிக்கு மயக்கத்துல ஒருத்தர் வர்றார். லேப் பூட்டியிருக்கு. குடிபோதையா, சுகர் இறங்கியிருக்கான்னு தெரியணும். அந்த மாதிரி இடத்துக்கான கருவி.

அதோட விளம்பரம் 1969-ல ஒரு பத்திரிகையில வந்துச்சு. அதைப் பார்த்தவர் டாக்டர் இல்ல. ஒரு இன்ஜினியர்.

ரிச்சர்ட் பெர்ன்ஸ்டீன்

நியூயார்க்காரர். 12 வயசுல, 1946-ல, டைப் 1 சர்க்கரை நோய். டாக்டர் சொன்னபடியே எல்லாம் செஞ்சும் முப்பதுகள்லயே உடம்பு கழன்டுக்கிட்டு இருந்துச்சு. சிறுநீரகத்துல பாதிப்பு தெரிய ஆரம்பிச்சிருச்சு. அது எங்க போய் முடியும்னு அவருக்குத் தெரியும்.

மீட்டரை வாங்கப் போனா, நோயாளிக்கு விற்க மாட்டோம்னுட்டாங்க. ஆனா அவர் மனைவி டாக்டர். அவங்க பேர்ல ஆர்டர் போட்டார். விலை 650 டாலர், அன்னைக்குப் பெரிய தொகை.

அப்புறம் அவர் செஞ்சது, நாம எல்லாரும் புரொடக்ஷன்ல சிஸ்டம் அடிவாங்கும்போது செய்யறதுதான். தினமும் நாலஞ்சு தடவை அளந்தார். ஒரு நேரத்துல ஒண்ணை மட்டும் மாத்தினார், சாப்பாடு இல்லேன்னா டோஸ். மறுபடியும் அளந்தார். ஒரு நாளைக்கு ஒரு பெரிய ஊசிங்கிறதை உடைச்சு, சின்னச் சின்ன டோஸாப் பிரிச்சார். நம்பர் சமநிலைக்கு வந்துச்சு. சில வருஷத்துல பாதிப்புகள்ல சிலது பின்வாங்கவே ஆரம்பிச்சுது.

இதைக் கட்டுரையா எழுதி மருத்துவ இதழ்களுக்கு அனுப்பினார். திருப்பி அனுப்பிட்டாங்க. சர்க்கரையை நார்மலா வெச்சா நல்லதுன்னு ஆதாரம் எங்கே, இந்தக் கருவியை எத்தனை பேர் வீட்டுல பயன்படுத்துவாங்கங்கிற மாதிரிக் கேள்விகள். அவங்க கேட்டதுல ஒரு நியாயமும் இருக்கு: ஒருத்தர் தன் உடம்புல பண்ணின சோதனை நிரூபணம் ஆகாது. ஆனா நிரூபிக்கப் பலர் அளக்கணும், அளக்கறதுக்குக் கருவியைக் கொடுக்கணும். அந்த முடிச்சை யாரும் அவிழ்க்கலை.

அவர் என்ன பண்ணார் தெரியுமா? பேச்சைக் கேட்கணும்னா டாக்டர் பட்டம் வேணும்னா, அதையும் வாங்கிடலாம்னு 1979-ல, 45 வயசுல, மெடிக்கல் காலேஜ்ல சேர்ந்தார். படிச்சு முடிச்சு, சர்க்கரை நோயாளிகளுக்கே டாக்டரா இருந்தார். 2025-ல, 90 வயசுல காலமானார். அவர் வலியுறுத்தின கடுமையான உணவுமுறை பத்தி இன்னைக்கும் சண்டை நடக்குது. ஆனா வீட்டுல அளக்கணும்ங்கிறதுல இப்போ யாருக்கும் சந்தேகம் இல்ல.

அப்புறம் வேகமா

1978-ல பிரிட்டிஷ் டாக்டர்கள் லான்செட் இதழ்ல எழுதினாங்க: நோயாளிகளால வீட்டுல ரத்தச் சர்க்கரையைச் சரியா அளக்க முடியுது. 1987-ல எக்ஸாக்டெக் வந்துச்சு, பேனா சைஸ் மீட்டர். நிறத்தைப் பார்க்காம, நொதி உண்டாக்குற மின்சாரத்தை அளந்தது. 1962-லேயே லீலண்ட் கிளார்க் போட்ட விதை அது. ஸ்ட்ரிப்ல இருக்கிற குளுக்கோஸ் ஆக்ஸிடேஸ் நொதியை ஒரு கருப்புப் பூஞ்சைகிட்ட இருந்துதான் எடுக்கறாங்க.

கடைசியா 1993-ல, அமெரிக்காவுலயும் கனடாவுலயும் 1,441 பேரை வருஷக்கணக்காகத் தொடர்ந்து கவனிச்ச டிசிசிடி ஆய்வு முடிவு. தினமும் பல தடவை அளந்து சர்க்கரையை நார்மலுக்குப் பக்கத்துல வெச்சவங்களுக்குக் கண் பாதிப்பு வர்ற வாய்ப்பு 76 சதவீதம் குறைஞ்சது. பெர்ன்ஸ்டீன் மீட்டர் வாங்கி 24 வருஷம் ஆகியிருந்துச்சு.

திரும்பப் பட்டாணிகிட்ட

பூனைகளுக்கு இந்த வசதி வந்தது 2000-ஐ ஒட்டி. சூரிச் பல்கலைக்கழகத்துல கிளாடியா ராய்ஷ் குழு, காது ஓரத்துல ஒரு சொட்டு எடுத்துச் சின்ன மீட்டர்லயே பார்க்கலாம்னு காட்டினாங்க. அப்புறம் வளர்க்கிறவங்களுக்கே அதைக் கத்துக் கொடுத்தாங்க. மனுஷனைவிடப் பூனைக்கு இது ரொம்ப அவசியம், ஏன்னா கிளினிக் நம்பரைப் பயம் கெடுத்துடுது.

நான் கத்துக்கிட்டதைச் சொல்றேன். வெதுவெதுப்பான துணியைக் காதுல அரை நிமிஷம் வெச்சா ரத்தம் ஓடும். காது ஓரத்துல மெல்லிசா வாசலின் தடவினா, சொட்டு முடியில பரவாம முத்து மாதிரி நிக்கும். காதுக்குப் பின்னாடி பஞ்சு வைங்க, உங்க விரலைக் குத்திக்காம இருக்க. முடிச்சதும் உடனே பிடிச்ச தீனி. ரெண்டு வாரத்துல பட்டாணி மீட்டர் சத்தம் கேட்டா தானா ஓடி வந்தான்.

மனுஷங்க மீட்டர் பூனை ரத்தத்துல கொஞ்சம் குறைச்சுத்தான் காட்டும். நம்ம ரத்தத்துல சர்க்கரை சிவப்பணுவுக்குள்ளயும் நிறைய இருக்கு, பூனைக்குக் கிட்டத்தட்ட எல்லாமே பிளாஸ்மாவுல. மீட்டரோட கணக்கு நம்ம ரத்தத்துக்குப் போட்டது. பூனைக்குன்னே மீட்டர் இருக்கு. எதுவானாலும் ஒரே மீட்டர்ல தொடர்ந்து பாருங்க, டோஸை மட்டும் நீங்களா மாத்தாதீங்க, டாக்டர்கிட்ட நம்பரை அனுப்புங்க. பூனை தள்ளாடினா ஈறுல தேன் தடவிட்டு உடனே டாக்டர்கிட்ட ஓடுங்க.

ஒண்ணு சொல்லி முடிச்சுக்கிறேன். அன்னைக்கு 94 வந்ததும் நான் குதிச்சேன். அம்மா ஒண்ணும் பேசல. பட்டாணியைத் தடவிக்கிட்டே இருந்தாங்க. கொஞ்ச நேரம் கழிச்சு, "எங்கப்பாவுக்கு அன்னைக்கு நீலம்தாண்டா வந்துச்சு"ன்னாங்க.

நான் தாத்தாவைப் பார்த்ததே இல்ல. நான் பிறக்கறதுக்கு முன்னாடியே போயிட்டார். தஞ்சாவூர் பக்கம் கிராமம். சாயங்காலம் பாட்டி டெஸ்ட் டியூபைச் சூடு பண்ணிப் பார்த்தாங்களாம். பளிச்னு நீலம். எல்லாருக்கும் சந்தோஷம். அவருக்கு அன்னைக்கு அவ்வளவா பசி இல்ல, ரெண்டு வாய் சாப்பிட்டு, வழக்கமான ஊசியைப் போட்டுக்கிட்டுப் படுத்தார். விடியக்காலையில சட்டையெல்லாம் வேர்வையில நனைஞ்சு கிடந்தார். எழுப்ப முடியல.

அந்த நேரத்துல பேனா சைஸ் மீட்டர் இந்த உலகத்துல இருந்துச்சு. அந்த வீட்டுல இல்ல.

இப்போ பட்டாணிக்கு ராத்திரி ஊசி போடறதுக்கு முன்னாடி மீட்டரை எடுத்துட்டு வர்றது அம்மாதான். நான் மறந்தாலும் அவங்க மறக்கறதில்ல.

உங்க வீட்டுல இன்சுலின் போடுறவங்க இருந்தா, இன்னைக்கு மீட்டர்ல பார்த்தீங்களான்னு ஒரு வார்த்தை கேளுங்க. அடுத்த எபிசோடுல சந்திப்போம்.