பள்ளி செல்லும் வழி: பயிற்சி பிள்ளைக்கா, சாலைக்கா?

பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பும் தாய், "பார்த்துப் போ" என்று சொல்லி அனுப்புவது எங்குமுள்ள வழக்கம். அவ்விரு சொற்களையும் பள்ளிப் பாடமாக வகுக்க நாடுகள் முற்பட்டது, மோட்டார் வண்டிகள் பெருகிய இருபதாம் நூற்றாண்டிலேதான். அப்பாடத்தின் வரலாறு ஆசிரியர்கள் சிந்திக்கத்தக்கதாகும்.

பிரிட்டனின் முயற்சி

பிரிட்டனில் 1934ஆம் ஆண்டில் மட்டும் சாலை விபத்துகளில் 7,343 பேர் மாண்டனர். சிறுவரைக் காக்கும் வழியென்ன என்று ஆராய்ந்தோர், பயிற்சியே வழியென்று கண்டனர். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், சாலையோரத்தில் நிற்பதும் இருபுறமும் பார்ப்பதும் படைவீரர் அணிவகுப்புப் போலவே கற்பிக்கப்பட்டன. 1947இல் தொடங்கிய சைக்கிள் தேர்ச்சித் திட்டம், 1958இல் அரசாங்க ஆதரவுடன் நாடெங்கும் பரவிற்று. 1953இல் எல்சி மில்ஸ் அம்மையார் 'டஃப்டி' என்னும் அணிற்பிள்ளையைப் படைத்து, கதை வாயிலாகச் சாலை விதிகளைச் சிறார்க்கு ஊட்டினார். அதே ஆண்டில், பள்ளிப் பிள்ளைகள் சாலையைக் கடக்க வண்டிகளை நிறுத்தும் காவலர்க்குச் சட்டம் அதிகாரம் வழங்கிற்று.

சாண்டல்ஸ் கண்ட உண்மை

இம்முயற்சிகள் யாவும் நல்லனவே. ஆயினும், விதியை ஒப்புவிக்கும் பிள்ளை, வீதியிலும் அவ்வாறே நடக்குமா? சுவீடன் நாட்டு உளவியலறிஞர் ஸ்டீனா சாண்டல்ஸ் அம்மையார் இதனை ஆராய்ந்து, 1968இல் நூலாக வெளியிட்டார். ஒலி எத்திசையிலிருந்து வருகிறது என்று அறிவதிலும், இடம் வலம் பிரித்துணர்வதிலும் சிறுவர் தடுமாறுகின்றனர். விளையாட்டில் மனம் சென்றால் கற்ற விதி மறைந்துவிடுகிறது. இது பிள்ளையின் குற்றமன்று, வயதின் இயல்பு. ஆகவே, போக்குவரத்துக்கு ஏற்பப் பிள்ளையை முற்றிலும் மாற்றவியலாது. பிள்ளைக்கேற்பப் போக்குவரத்தையே மாற்ற வேண்டும் என்பது அவர் முடிபு.

ஹாலந்தின் கிளர்ச்சி

இம்முடிபின் உண்மையை ஹாலந்து பெருந்துயரின் வாயிலாக உணர்ந்தது. பள்ளி மாணவர்க்குச் சாலைப் போக்குவரத்துத் தேர்வு அங்கு 1932 முதற்கொண்டே உண்டு. அவ்வாறிருந்தும், 1971இல் சாலைகளில் மாண்ட மூவாயிரத்துக்கும் மேற்பட்டோருள் 400க்கும் அதிகமானோர் சிறுவர். அவர்களுள் ஒரு சிறுமியின் தந்தை, விக் லாங்கன்ஹாஃப் என்னும் பத்திரிகையாளர். 'குழந்தைக் கொலையை நிறுத்துக' என்னும் பொருள்படும் தலைப்பில் 1972இல் அவர் எழுதிய கட்டுரை, பெற்றோரை வீதிக்கு அழைத்தது. தாய்மாரும் தந்தையரும் சாலைகளை மறித்து நின்றனர். குடியிருப்புத் தெருக்களில் வண்டிகள் நடைவேகத்திலேயே செல்ல வேண்டும் என்னும் ஏற்பாட்டுக்கு 1976இல் சட்ட உருவம் கிடைத்தது. காலப்போக்கில் சைக்கிளுக்கென்று தனிப் பாதைகள் பெருகின; விபத்தில் மாளும் சிறுவர் தொகையும் வெகுவாகக் குறைந்தது.

எனினும் அந்நாட்டார் பயிற்சியைக் கைவிட்டாரில்லை. தொடக்கப் பள்ளியின் மேல் வகுப்பு மாணவர் இன்றும் எழுத்துத் தேர்வு எழுதுகின்றனர். மெய்யான சாலையில் சைக்கிள் ஓட்டியும் காட்டுகின்றனர். திருந்திய சாலையில் கற்ற பாடம் பயன் தருகிறது.

வேறொரு வழி

பிரிட்டனில் நேர்ந்ததோ வேறு. இங்கிலாந்தில் 1971இல், ஏழெட்டு வயதுப் பிள்ளைகளுள் நூற்றுக்கு 80 பேர் பெரியவர் துணையின்றிப் பள்ளி சென்றனர்; 1990இல் அத்தொகை 9 ஆயிற்று. மேயர் ஹில்மனும் அவருடன் ஆராய்ந்தோரும் வெளியிட்ட கணக்கு இது. சிறுவர் விபத்துகள் குறைந்ததற்குச் சாலை திருந்தியது மட்டும் காரணமன்று, பிள்ளைகள் சாலையினின்று மறைந்ததும் ஒரு காரணம் என அவர்கள் எடுத்துக்காட்டினர்.

கூண்டிலுள்ள பறவைக்குப் பருந்தின் அச்சமில்லை; ஆனால் அது பறக்கவும் கற்பதில்லை. பிள்ளைக்கு நடையைக் கற்பிப்பது ஆசிரியர் கடன். அவ்வாறு நடக்கத்தக்க வழியை அமைத்துத் தருவது ஊரின் கடன். இவ்விரண்டனுள் ஒன்று குறையினும் மற்றது நிறைவு பெறாது.