மருந்துப் பெட்டியோடு மடத்துக்குள்

மலருக்குக் கட்டுரை கேட்டு நம் சங்கச் செயலாளர் எழுதியிருந்தார். "செஞ்சிக்காரர், அதுவும் வரலாற்று வாத்தியார். தயவுசெய்து தேசிங்குராஜன் வேண்டாம், போன தடவையும் அதுதான்" என்று கீழே ஒரு குறிப்பு! நியாயம்தான். செஞ்சிக்கு அடுத்த வல்லத்தில் பிறந்தவனுக்குக் கோட்டையை விட்டு வெளியே வருவது கொஞ்சம் சிரமம். இந்த முறை வந்து பார்க்கிறேன்.

என்னிடம் பத்தாவதில் படித்த பெண் ஒருத்தி. நர்சிங் முடித்து, இரண்டு வருஷம் ஆஸ்பத்திரியில் வேலையும் பார்த்தாள். திடீரென்று ஒரு நாள் கன்னியர் மடத்தில் சேரப் போகிறேன் என்று சொல்லிவிட்டாள். அவள் அப்பா நேரே என் வீட்டுக்கு வந்துவிட்டார். "சார், மல்லாட்டை வித்த காசுல நாலு வருஷம் படிக்க வச்சேன். இப்ப மடத்துக்குப் போறேன்னு நிக்குது. படிச்ச படிப்பெல்லாம் கெணத்துல போட்ட கல்லுதானா? நீங்க சொன்னா கேக்கும் சார்."

நான் கிறிஸ்தவன் அல்லன். ஒரு பெண்ணின் துறவறத்தில் தலையிட எனக்கு என்ன யோக்கியதை? ஆனால் அவர் கேட்டாரே, படித்த படிப்பு என்ன ஆகும் என்று, அது சரித்திரக் கேள்வி. அதற்காகப் புத்தகங்களைப் புரட்டியபோது கிடைத்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

துறவி என்றால் எல்லாவற்றையும் உதறிவிட்டு வந்தவர் என்றுதான் நாம் நினைக்கிறோம். எங்கள் செஞ்சிச் சீமையில் அப்படி ஒருவர் நடமாடியிருக்கிறார். லிஸ்பன் அரண்மனையில் இளவரசருக்குத் தோழனாக, பணியாளாக வளர்ந்த பிரிட்டோ, 1662ல் இயேசு சபையில் சேர்ந்தார். 1674ல் மதுரை மிஷனுக்கு வந்து, அருளானந்தர் என்ற பெயரில் செஞ்சிப் பக்கமும் தஞ்சைப் பக்கமும் காவி கட்டி அலைந்தார். சிவாஜி வந்து செஞ்சிக் கோட்டையைப் பிடித்தது 1677ல். ஏறக்குறைய அதே காலம். அரண்மனைப் பழக்கம் எதுவும் அவருக்கு இங்கே பயன்பட்டிருக்காது. 1693ல் ஓரியூரில் தலையைக் கொடுத்தார்.

யாழ்ப்பாணத்தில் இன்னொருவர். மானிப்பாயில் 1875ல் பிறந்த வைத்திலிங்கம். 1893ல் இலங்கை ரயில்வேயில் குமாஸ்தா உத்தியோகம். அந்தக் காலத்தில் அரசாங்க உத்தியோகம் என்றால் சும்மாவா? இரண்டே வருஷத்தில் அதை விட்டுவிட்டுக் குருமடத்தில் சேர்ந்து, 1901ல் குருவானார். அவர்தான் நல்லூர் சுவாமி ஞானப்பிரகாசர். யாழ்ப்பாண வைபவ விமர்சனமும், சொற்பிறப்பு ஒப்பியல் அகராதியும் செய்தவர். ரயில்வே அவரை இழந்தது, தமிழுக்கு லாபம்.

இவர்கள் வேலையை விட்டார்கள், சரி. வேலையை விட முடியாதவர்கள் என்ன செய்வது? டாக்டர் ஒருவர் மடத்தில் சேர்ந்தபின், வாசலில் ஒருத்தி பிரசவ வலியில் துடித்தால் "நான் துறவி" என்று சொல்லிவிட்டு ஜெபம் பண்ணப் போய்விட முடியுமா?

போகத்தான் வேண்டும் என்றது சட்டம்! இதைப் படித்தபோது எனக்கே ஆச்சரியமாக இருந்தது. 1139ல் கூடிய இரண்டாம் லாத்தரன் சங்கம், துறவிகள் காசுக்காக வைத்தியமும் சட்டமும் படிக்கக் கூடாது என்று விதித்தது. 1215ல் நான்காம் லாத்தரன் சங்கம், குருக்கள் அறுவை வைத்தியம் செய்யக் கூடாது என்றது. மடத்தை விட்டுப் பணத்தின் பின்னே ஓடிவிடுவார்கள் என்பது அன்றைய பயம். பயத்துக்குக் காரணமும் இருந்திருக்கும். ஆனால் அந்தத் தடை எழுநூறு வருஷம் தாண்டி, 1917ன் திருச்சபைச் சட்டத் தொகுப்பிலும் வந்து உட்கார்ந்துகொண்டது. ரோமின் தனி அனுமதி இல்லாமல் குருவோ கன்னியாஸ்திரியோ வைத்தியம் பார்க்க முடியாது. இந்தியாவில் அதன் விலையைக் கொடுத்தவர்கள் பெண்கள். ஆண் டாக்டரிடம் காட்டமாட்டார்கள். பெண் டாக்டர் கிடையாது. மடத்தில் சிஸ்டர்கள் இருந்தாலும் பிரசவத்தில் கை வைக்கக் கூடாது.

இந்தச் சுவரில் முதலில் முட்டியவர் ஆக்னஸ் மக்லாரன் என்ற ஸ்காட்லாந்துப் பெண் டாக்டர். 1878ல் பிரான்சில் பட்டம் பெற்றவர். அறுபது வயதுக்கு மேல் கத்தோலிக்கரானவர். எழுபதையும் தாண்டியபின் ராவல்பிண்டிக்கு வந்து, பெண்களுக்கு ஆஸ்பத்திரி வைக்க வழி செய்தார். கன்னியாஸ்திரிகளை டாக்டராக விடுங்கள் என்று ரோமுக்கு மனு மேல் மனு. 1913ல் காலமானார், சட்டம் அசையவில்லை.

அவரைப் பற்றிய சிறு புத்தகம் ஒன்று 1915ல் ஆஸ்திரேலியாவில், மெல்போர்னில், ஒரு டாக்டரம்மா கையில் கிடைத்தது. பெயர் மேரி குளோரி. 1887ல் பிறந்தவர், 1910ல் மருத்துவப் பட்டம். காலின்ஸ் தெருவில் சொந்தப் பிராக்டிஸ், கண் ஆஸ்பத்திரியிலும் செயின்ட் வின்சென்ட் ஆஸ்பத்திரியிலும் வேலை. நம் ஊர்க் கணக்கில் சொன்னால் கார், பங்களா என்று செட்டில் ஆகியிருக்க வேண்டியவர். அந்தப் புத்தகத்தைப் படித்ததும் தன் இடம் இந்தியா என்று முடிவு செய்துவிட்டார். அப்போது உலகப்போர் நடந்துகொண்டிருந்தது. அதற்குள் அவர் செய்ததுதான் எனக்கு மிகவும் பிடித்தது. மடத்துக்குப் போகப் போகிறோமே, இனி எதற்குப் படிப்பு என்று இருக்கவில்லை. பிரசவம், பெண் நோய், கண் மருத்துவம் ஆகியவற்றில் மேற்படிப்புப் படித்து, 1919ல் எம்.டி. வாங்கினார். மடத்துக்குள் கொண்டுபோகவே படித்த படிப்பு!

1920 பிப்ரவரியில் குண்டூர் வந்து இறங்கினார். குண்டூர் அன்று நம் தென்னாற்காடு மாதிரியே சென்னை மாகாணத்து ஜில்லா. அங்கே இயேசு மரி சூசை சபையில் சேர்ந்து, சகோதரி மேரி ஆனார். பாப்பரசர் 15ஆம் பெனடிக்ட் தனி அனுமதி கொடுத்தார். கன்னியாஸ்திரியாக இருந்துகொண்டே டாக்டராகவும் இருக்கலாம். உலகிலேயே முதல் ஆள் இவர்தான் என்பார்கள். சின்ன மருந்தகம் செயின்ட் ஜோசப் ஆஸ்பத்திரியாக வளர்ந்தது. உள்ளூர்ப் பெண்களையே நர்சாக, கம்பவுண்டராக, மருத்துவச்சியாகத் தயார் செய்தார்.

ஆனால் ஒருவருக்குக் கிடைத்த அனுமதி எல்லாருக்கும் சட்டமாகிவிடாது. அதற்கு இன்னொருத்தி வேண்டியிருந்தது. மக்லாரனோடு கடிதத் தொடர்பில் இருந்த ஆஸ்திரியப் பெண் அன்னா டெங்கல். இவரும் டாக்டராகி, 1920ல் ராவல்பிண்டிக்கு வந்தார். பர்தாவுக்குள் பெண்கள் சாவதைக் கண்ணால் பார்த்தார். 1925ல் அமெரிக்காவில், வாஷிங்டனில், மருத்துவ மிஷன் சகோதரிகள் சபையைத் தொடங்கினார். முறைப்படி துறவற வாக்குக் கொடுத்தால் வைத்தியம் போய்விடும். ஆகவே வாக்குக் கொடுக்காத சங்கமாகவே பதினோரு வருஷம் நடத்தினார்கள். சாமர்த்தியம்தான்! கடைசியில் 1936 பிப்ரவரி 11ஆம் தேதி ரோம் இறங்கி வந்தது. மிஷன் நாடுகளில் துறவிகள் வைத்தியமும் பிரசவமும் பார்க்கலாம் என்று அறிக்கை வெளியானது.

குளோரி அதோடு நிற்கவில்லை. 1943ல் சில சகோதரிகளைச் சேர்த்துக் கத்தோலிக்க மருத்துவமனைகளுக்கென்று ஒரு சங்கம் தொடங்கினார். நம் நாட்டுக்கு ஒரு கத்தோலிக்க மருத்துவக் கல்லூரி வேண்டும் என்பது அவருடைய ஆசை. 1957ல் பெங்களூரில் புற்றுநோயால் காலமானார். செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரி அதே பெங்களூரில் திறந்தது 1963ல். அவர் பார்க்கவில்லை.

இதையெல்லாம் ஒரு சாயங்காலம் அந்தத் தகப்பனாரிடம் என் பாணியில் சொன்னேன். பாதியில், "அப்ப ஊசி போட விடுவாங்கன்றீங்க?" என்றார். விடுவார்கள் என்றேன். "எந்த ஊருக்கு அனுப்புவாங்களோ" என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. படிப்பு வீணாகாது என்று நான் சொன்னது அவருக்குப் புரிந்துவிட்டது. பெண் வீட்டை விட்டுப் போகிறாளே என்பது அப்படியே இருந்தது. குளோரியும் அப்பா அம்மாவை விட்டுக் கப்பல் ஏறியவர்தானே. அந்த வீட்டில் என்ன பேசிக்கொண்டார்களோ!

கல்லூரியில் இப்போது படிக்கும் தம்பி தங்கைகளில் யாருக்காவது இந்த எண்ணம் இருந்தால் ஒரு தகவல். 1983ல் வந்த புதிய திருச்சபைச் சட்டத் தொகுப்பில் அந்த வைத்தியத் தடை இல்லை, எடுத்துவிட்டார்கள். அனுமதி இல்லாமல் வியாபாரம் பண்ணக் கூடாது என்பது மட்டும் இன்னும் இருக்கிறது. பி.காம். படிப்பவர்கள் கவனிக்க.