ஓர் இறைச்சி, மூன்று காய்கறி: அமெரிக்கத் தென்மாநிலச் சிற்றூர் உணவகங்கள்

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் தென்மாநிலங்களில், குறிப்பாக டென்னசி, அலபாமா, மிசிசிப்பி, ஜார்ஜியா ஆகியவற்றின் சிற்றூர்களில், மதிய உணவுக்குப் பெயர்பெற்ற எளிய உணவகங்கள் உள்ளன. இவ்வகை உணவகத்தையும் அங்குக் கிடைக்கும் சாப்பாட்டையும் ஒருசேர 'மீட் அண்ட் த்ரீ' என்று அழைப்பர். இறைச்சி ஒன்று, உடன் மூன்று பதார்த்தங்கள் என்பது அதன் கணக்கு. பொரித்த கோழி, மாவில் தோய்த்துப் பொரித்த மாட்டிறைச்சி, பன்றி இறைச்சி ஆகியவற்றுள் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அதன்பின் கொலார்டு கீரை, காராமணி, வெண்டைக்காய், பீன்ஸ், மசித்த உருளைக்கிழங்கு, சர்க்கரைவள்ளிக்கிழங்கு என நீளும் பட்டியலிலிருந்து மூன்றைச் சொல்ல வேண்டும். பாலாடைக்கட்டி சேர்த்த மக்ரோனியும் அந்தப் பட்டியலில் காய்கறியாகவே இடம்பெறும். இதை அங்கு யாரும் வியப்பாகக் கருதுவதில்லை.

சாப்பாட்டுடன் மக்காச்சோள ரொட்டி வரும். தேநீர் கேட்டால் பெரும்பாலும் சூடாக வராது. சர்க்கரை கரைத்து, பனிக்கட்டி மிதக்க, உயரமான கண்ணாடிக் குவளையில் வரும். குவளை காலியாகும் முன்பே பரிமாறுபவர் மறுபடி நிரப்பிவிடுவார். மேசை விரிப்பு, உடைக் கட்டுப்பாடு எதுவும் கிடையாது. வழக்கறிஞரும் வண்டி பழுதுபார்ப்பவரும் அடுத்தடுத்த மேசைகளில் அமர்ந்து உண்பதையே இவ்வுணவகங்களின் சிறப்பாகப் பலரும் எழுதுகின்றனர். ஆனால் அந்த மேசையில் எல்லாரும் அமர முடிந்தது மிக அண்மைக் காலத்தில்தான். சமைத்த கைக்குச் சாப்பிடும் இடத்தில் நாற்காலி இல்லாத நிலை ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு நீடித்தது.

தட்டில் உள்ளவை எங்கிருந்து வந்தன

வெண்டைக்காயும் காராமணியும் தமிழர் சமையலறைக்குப் பழக்கமானவை. அமெரிக்காவுக்கு இவை ஆப்பிரிக்காவிலிருந்து அடிமை வணிகக் காலத்தில் சென்றன. மக்காச்சோளம் அம்மண்ணின் பூர்வகுடிகளுடையது. பன்றியை ஐரோப்பியர் கொண்டுவந்தனர். இவை ஒரே அடுப்பில் கலந்தது தோட்ட முதலாளிகளின் வீட்டுச் சமையற்கட்டில். அங்கு நின்று சமைத்தவர்கள் பெரும்பாலும் அடிமைப்படுத்தப்பட்ட ஆப்பிரிக்கப் பெண்கள். கீரை வெந்த நீரைக் கொட்டிவிடாமல், அதில் சோள ரொட்டியைத் தோய்த்து உண்ணும் வழக்கம் இன்றும் உள்ளது. சத்து அந்த நீரில்தான் இருக்கிறது என்பதை அப்பெண்கள் அறிந்திருந்தனர்.

தென்மாநிலச் சமையலின் முதன்மையான பழைய நூல் மேரி ராண்டால்ஃப் எழுதி 1824இல் வெளிவந்த 'தி வர்ஜீனியா ஹவுஸ்-வைஃப்'. பொரித்த கோழிக்கும் வெண்டைக்காய்க்கும் அதில் செய்முறை உண்டு. கிழக்கிந்திய முறையில் கறி சமைப்பதற்கும் ஒரு குறிப்பு இருப்பதைத் தமிழ் வாசகர் கவனிக்கலாம். நூலில் இருப்பது எழுதிய சீமாட்டியின் பெயர். அவரைப் போன்றோர் வீடுகளில் அடுப்படியில் நின்றவர்களின் பெயர்கள் பெரும்பாலும் எங்கும் பதிவாகவில்லை.

கார்டன்ஸ்வில்: தலையில் தட்டு சுமந்த பெண்கள்

வர்ஜீனியா மாநிலத்தின் கார்டன்ஸ்வில் ஒரு சிறிய ரயில் சந்திப்பு. 1840இல் அங்கு ரயில் வந்தது. அக்கால ரயில்களில் உணவுப் பெட்டி இல்லை. வண்டி நின்றதும் கறுப்பினப் பெண்கள் பொரித்த கோழி, ரொட்டி, காப்பி ஆகியவற்றைப் பெரிய தட்டுகளில் அடுக்கித் தலையில் சுமந்துவந்து, சன்னல் வழியே பயணிகளிடம் விற்றனர். உள்நாட்டுப் போருக்குப் பின் விடுதலை பெற்ற பெண்களுக்கு அது சொந்தக் காலில் நிற்க வழிசெய்த தொழில். கோழி வளர்ப்பது, பொரிப்பது, விலை சொல்வது யாவும் அவர்கள் கையில் இருந்தன. அந்த வருமானத்தில் வீடு கட்டியவர்களும் உண்டு. ரயிலில் உணவுப் பெட்டிகள் வந்தபின் இவ்வணிகம் தேய்ந்து, இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் மறைந்தது. இதை உணவகம் என்று சொல்ல முடியாது. ஆயினும், தென்மாநிலச் சிற்றூர் ஒன்றில் வழிப்போக்கர் காசு கொடுத்துப் பொரித்த கோழி உண்ட தொடக்ககால இடங்களுள் அந்த நடைமேடையும் ஒன்று.

கார்பின்: நெடுஞ்சாலை உணவகம்

ரயிலுக்குப் பின் மோட்டார் வண்டியின் காலம் வந்தது. கென்டக்கி மாநிலத்தின் கார்பின் என்ற சிற்றூரில் 1930இல் ஹார்லண்ட் சாண்டர்ஸ் ஒரு பெட்ரோல் நிலையத்தை நடத்தினார். பசியுடன் வந்த ஓட்டுநர்களுக்குத் தம் வீட்டுச் சாப்பாட்டு மேசையிலேயே உணவு பரிமாறினார். அதிலிருந்து உணவகம் வளர்ந்தது. 1950களில் புதிய நெடுஞ்சாலை ஊரைத் தொடாமல் விலகிச் செல்லப்போவது தெரிந்ததும், 1956இல் இடத்தை விற்றுவிட்டு, செய்முறை உரிமத்தைப் பிற உணவகங்களுக்கு விற்பதில் முழுமூச்சாக இறங்கினார். கேஎஃப்சி இன்று சென்னையிலும் மதுரையிலும் கிளை பரப்பியிருப்பதன் வேர் அந்த மேசையில் உள்ளது.

கார்பினுக்கு வேறொரு வரலாறும் உண்டு. 1919 அக்டோபர் இறுதியில் ஆயுதம் தாங்கிய வெள்ளையர் கும்பல் ஒன்று, ரயில்பாதை வேலைக்கு வந்திருந்த கறுப்பினத் தொழிலாளர்களை வலுக்கட்டாயமாக ரயிலில் ஏற்றி ஊரைவிட்டு வெளியேற்றியது. அங்கு வாழ்ந்த மற்ற கறுப்பினத்தவரும் அஞ்சி வெளியேறினர். சாண்டர்ஸ் அவ்வூரில் கடை திறந்தது இதற்கு 11 ஆண்டுகள் கழித்து. அவருக்கு இதில் தொடர்பில்லை. ஆயினும் கார்டன்ஸ்வில் பெண்களின் முகம் எந்தக் கோழிப் பெட்டியிலும் அச்சாகவில்லை என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

பின்வாசலும் பக்கச் சன்னலும்

1896இல் உச்ச நீதிமன்றம் 'பிரித்து வைக்கலாம், சமமாக இருந்தால் போதும்' என்ற கொள்கையை ஏற்றபின், நிறப்பிரிவினை சட்டத்தின் துணையோடு நடந்தது. பர்மிங்காம் நகர விதி ஒன்று இதன் உச்சம். இரு நிறத்தாருக்கும் ஒரே உணவகத்தில் பரிமாற வேண்டுமானால், தரையிலிருந்து 7 அடி உயரத்துக்குத் தடுப்புச் சுவர் வேண்டும். தெருவிலிருந்து தனித்தனி வாசலும் வேண்டும். சிற்றூர்களில் இவ்வளவு செலவு செய்வாரில்லை. கறுப்பினத்தவர் பின்வாசலிலோ பக்கச் சன்னலிலோ பணம் கொடுத்துப் பொட்டலம் வாங்கிச் செல்ல வேண்டியிருந்தது. உள்ளே அடுப்பில் நின்றவர் பெரும்பாலும் அவர்களுடைய உறவினராகவோ அண்டை வீட்டாராகவோ இருப்பார். கறுப்பினப் பயணிகள் எங்கே உண்ணலாம், எங்கே தங்கலாம் என்று சொல்லும் கையேட்டை நியூயார்க் தபால்காரர் விக்டர் ஹியூகோ கிரீன் 1936 முதல் வெளியிட்டார்.

1960 பிப்ரவரி 1 அன்று வட கரோலினாவின் கிரீன்ஸ்பரோவில் நான்கு கல்லூரி மாணவர்கள், வெள்ளையருக்கு மட்டுமான உணவு மேடையில் அமர்ந்து காப்பி கேட்டனர். கொடுக்கவில்லை, அவர்களும் எழவில்லை. அவ்வகை அறப்போர் தெற்கெங்கும் பரவியது. 1964 ஜூலை 2 அன்று குடிமை உரிமைச் சட்டம் நிறைவேறியது.

பர்மிங்காமில் இருந்த 'ஆலீஸ் பார்பெக்யூ' என்ற குடும்ப உணவகம் சட்டத்தை எதிர்த்து வழக்காடியது. அங்கு 220 இருக்கைகள் இருந்தன. 36 ஊழியர்களில் மூன்றில் இரு பங்கினர் கறுப்பினத்தவர். ஆனால் கறுப்பின வாடிக்கையாளருக்குப் பொட்டலம் மட்டுமே. இது எங்கள் ஊர் வணிகம், மாநிலங்களுக்கிடையிலான வணிகத்தை ஆளும் நாடாளுமன்றத்துக்கு இதில் என்ன அதிகாரம் என்பது உரிமையாளர் தரப்பு வாதம். நீதிமன்றம் இறைச்சிக் கணக்கைப் பார்த்தது. முந்தைய ஆண்டில் அவர்கள் வாங்கிய உணவுப் பொருளில் 46 விழுக்காடு, அதாவது 69,683 டாலர் மதிப்புள்ள இறைச்சி, வெளிமாநிலத்திலிருந்து வந்திருந்தது. அதுவே போதுமென்று 1964 டிசம்பர் 14 அன்று நீதிபதிகள் ஒருமனதாகத் தீர்ப்பளித்தனர். மனித மாண்பை நேரடியாகக் காட்டாமல் இறைச்சி ரசீதைக் காட்டி வாசல் திறக்கப்பட்டது சட்ட வரலாற்றின் ஒரு விந்தைதான். சில உரிமையாளர்கள் கடையைத் தனியார் மன்றமாக மாற்றினர்; சிலர் மூடினர். அட்லாண்டாவில் அப்படி மூடிய லெஸ்டர் மேடாக்ஸ் 1967இல் ஜார்ஜியாவின் ஆளுநராகப் பதவியேற்றார்.

கிரீன்வுட்: ஒரு பரிமாறுபவரின் பேச்சு

மிசிசிப்பியின் பருத்தி ஊரான கிரீன்வுட்டில் இத்தாலியக் குடும்பம் ஒன்று 1933இல் தொடங்கிய உணவகம் 'லஸ்கோஸ்'. மிசிசிப்பியில் மதுவிலக்கு 1966 வரை இருந்ததால், அங்குத் திரை போட்ட தனி அறைகள் பிரபலமாக இருந்தன. புக்கர் ரைட் என்ற கறுப்பினத்தவர் அங்கு 25 ஆண்டுகள் பரிமாறினார். உணவுப் பட்டியல் முழுவதையும் மனப்பாடமாக, பாட்டுப்போல் ஒப்பிப்பது அவருடைய தனித்திறமை. வெள்ளை வாடிக்கையாளர்கள் அதைக் கேட்பதற்காகவே அவரை அழைப்பர்.

1966இல் ஒளிபரப்பான என்பிசி தொலைக்காட்சியின் ஆவணப்படத்துக்காக அவர் பட்டியலை ஒப்பித்தார். ஒப்பித்து முடித்தபின், யாரும் எதிர்பாராத வகையில், தம் வேலையின் மறுபக்கத்தையும் சொன்னார். சில வாடிக்கையாளர்கள் பெயர் சொல்லி அழைப்பார்கள், சிலர் இழிசொல்லால் அழைப்பார்கள். உள்ளே அழுதாலும் வெளியே சிரிக்க வேண்டும். தாம் பட்டது பிள்ளைகள் படக்கூடாது, அவர்கள் படிக்க வேண்டும் என்பதற்காகவே இத்தனையையும் பொறுத்துக்கொள்வதாகக் கூறினார்.

படம் நாடெங்கும் ஒளிபரப்பானது. பல வாடிக்கையாளர்கள் இனி அவர் கையால் பரிமாறப்பட விரும்பவில்லை. அவருடைய லஸ்கோஸ் வேலை முடிவுக்கு வந்தது. காவலர் ஒருவரால் அவர் கடுமையாகத் தாக்கப்பட்டார். ஆனால் ஊரின் கறுப்பினப் பகுதியில் 'புக்கர்ஸ் பிளேஸ்' என்ற சொந்த உணவகம் அவருக்கு ஏற்கெனவே இருந்தது. அதை அவர் தொடர்ந்து நடத்தினார். 1973இல், கடையிலிருந்து தாம் வெளியேற்றிய ஒருவன் சுட்டதில் உயிரிழந்தார்.

அவரைப் படமெடுத்தவரின் மகன் ரேமண்ட் டி ஃபெலிட்டா, புக்கரின் பேத்தி இவெட் ஜான்சனுடன் கிரீன்வுட்டுக்குச் சென்று எடுத்த ஆவணப்படம் 2012இல் வெளிவந்தது. உணவுப் பட்டியலை ஒப்பிக்கும் அந்தப் பழைய காட்சி அதிலும் இடம்பெற்றுள்ளது.